வாட்டர் பார்க்கில் தனி கபானா: வாடகைக்கு எடுத்தா லாபமா, வேஸ்ட்டா? திருப்பூர் குடும்பங்களுக்கான முழுக் கணக்கு

திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு. பல பனியன் கம்பெனி குடும்பங்களுக்கு வெளியே போக கிடைப்பது அந்த ஒரே நாள்தான். வெயில் காலம் வந்துவிட்டால் பசங்க கேட்கும் முதல் இடம் வாட்டர் பார்க். அவிநாசி, அன்னூர் வழியாகப் போனால் சுமார் 60 கி.மீ. தூரத்தில் மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர். கோவையைத் தாண்டி சிறுவாணி ரோட்டில் கோவை கொண்டாட்டம். விடியற்காலையில் கிளம்பத் தயார் என்றால் பாலக்காடு வழியாக கொச்சி வொண்டர்லா.

பெரிய பார்க்குகள் இப்போது டிக்கெட்டோடு மட்டும் நிற்பதில்லை. லாக்கருக்கு தனிக் காசு, காஸ்ட்யூமுக்கு தனி வாடகை. வொண்டர்லாவில் ரைடு வரிசையில் காத்திருப்பதைக் குறைக்க ஃபாஸ்ட்ராக் என்று கூடுதல் விலை டிக்கெட்டே இருக்கிறது. இந்தப் பட்டியலில் கடைசியாக வந்து நிற்பதுதான் 'தனி கபானா'. டிக்கெட் புக் பண்ணும்போது 'சேர்த்துக்கலாமா?' என்று ஒரு பட்டன் வரும். தொட்டால் பில் சில ஆயிரம் ஏறிவிடும்.

இது தேவையா? யாருக்குத் தேவை? எப்படிக் கணக்குப் போடுவது? பார்க்கலாம்.

சுருக்கமான பதில்

எல்லோரும் தண்ணீரில் இறங்கி விளையாடும் குடும்பம் என்றால் கபானா தேவையில்லை. ஒரு லாக்கர் போதும். வயதானவர்கள், கைக்குழந்தை, கர்ப்பிணி என்று நாள் முழுக்க நிழலில் உட்கார வேண்டியவர்கள் இரண்டு, மூன்று பேராவது கூட வந்தால் மட்டுமே அந்தக் காசுக்கு மதிப்பு இருக்கிறது. அதுவும் கபானாவில் பூட்டு, திரை, ஃபேன் மூன்றும் இருக்கிறதா என்று கேட்ட பிறகுதான்.

கபானா என்றால் என்ன?

கபானா என்பது ஸ்பானிஷ் மொழியிலிருந்து வந்த சொல். அர்த்தம், குடிசை. நம்ம ஊர் தோட்டத்துச் சாளை மாதிரி, நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குடில். நான்கு கால், மேலே கூரை, சுற்றிலும் துணித் திரை, உள்ளே சாய்ந்து படுக்க இரண்டு மூன்று நாற்காலி, ஒரு மேசை. ஒரு நாள் முழுக்க அது உங்களுக்கு மட்டும்தான், வேறு யாரும் வந்து உட்கார முடியாது.

வெளிநாட்டு வாட்டர் பார்க்குகளில் இது பழைய வழக்கம். சிங்கப்பூர் செந்தோசா தீவில் 2012-ல் திறக்கப்பட்ட அட்வென்ச்சர் கோவ், மலேசியாவில் பழைய ஈயச் சுரங்கம் இருந்த இடத்தில் கட்டப்பட்ட சன்வே லகூன், துபாய் அட்லாண்டிஸ் ஹோட்டலின் அக்வாவென்ச்சர் ஆகிய மூன்றிலும் கபானா வாடகைக்குக் கிடைக்கும். டூர் பேக்கேஜில் சிங்கப்பூர், மலேசியா போய் வந்த திருப்பூர்க்காரர்கள் பலர் இதை அங்கே பார்த்திருப்பார்கள்.

நம்ம நாட்டில் எல்லா பார்க்கிலும் இந்த வசதி இருக்காது. இருக்கும் இடங்களிலும் பெயர் மாறும். கெசிபோ, ஃபேமிலி ஹட், விஐபி குடில் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். பெயரை விட உள்ளே என்ன தருகிறார்கள் என்பதுதான் முக்கியம். பொதுவாக மூன்று ரகம்:

ஒன்று, திறந்த குடில். கூரையும் நாற்காலியும் மட்டும். திரை இல்லை, பூட்டு இல்லை.

இரண்டு, திரை போட்ட கபானா. ஃபேன், துண்டு, தண்ணீர் பாட்டில், சில இடங்களில் சின்ன லாக்கர் பெட்டியும் இருக்கும்.

மூன்று, அறை மாதிரியானது. கதவு, பூட்டு, சில இடங்களில் ஏசி, பாத்ரூம். இதற்கு கிட்டத்தட்ட ரிசார்ட் அறை வாடகையே வந்துவிடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். கபானா வாடகை என்பது பெரும்பாலும் நுழைவு டிக்கெட்டுக்கு மேல் தனியாகக் கொடுப்பது. 'கபானா 3,000 ரூபாய்' என்று போட்டிருந்தால், அதில் ஆறு பேருக்கு டிக்கெட்டும் சேர்த்தி என்று நினைத்துவிடக் கூடாது.

நிழலுக்குக் காசா, காவலுக்குக் காசா?

கபானா எடுப்பவர்களிடம் ஏன் என்று கேட்டால் 'வெயிலுக்கு நிழல் வேணும்ல' என்பார்கள். ஆனால் நம்ம குடும்பங்களில் உண்மையான பிரச்சினை நிழல் மட்டும் அல்ல. பை.

நாலு பேர் போனால் நாலு செட் மாற்றுத் துணி, துண்டு, நாலு போன், பர்ஸ், வண்டிச் சாவி, கழற்றி வைத்த கம்மல், வளையல். இதை யார் பார்த்துக்கொள்வது? 'நீங்க போய் விளையாடுங்க கண்ணு, நான் பையப் பாத்துக்கறேன்' என்று ஒருவர் உட்கார்ந்துவிடுவார். பல வீடுகளில் அது அம்மா. இல்லையென்றால் அப்பத்தா, அமுச்சி. முழு டிக்கெட் எடுத்து உள்ளே வந்தவர், காலைக்கூட நனைக்காமல் சாயங்காலம் திரும்பிப் போவார்.

கபானா இந்தப் பிரச்சினையைத் தீர்க்குமா என்றால், அதில் பூட்டு இருந்தால் தீர்க்கும். பூட்டு இல்லாத திறந்த குடில் என்றால் தீர்க்காது. அம்மா முன்பு மரத்தடியில் உட்கார்ந்து பையைக் காத்தார், இப்போது 3,000 ரூபாய் கூரைக்குக் கீழே உட்கார்ந்து காப்பார். அவ்வளவுதான் வித்தியாசம். சில நூறு ரூபாய் லாக்கர் அவரைத் தண்ணீருக்கு அனுப்பும். பூட்டு இல்லாத கபானா அனுப்பாது.

அதனால் புக் பண்ணுவதற்கு முன் வீட்டில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: நம்மில் யார் தண்ணீரில் இறங்க மாட்டார்கள்? இறங்க முடியாததாலா, பையைக் காப்பதாலா? முடியாதவர்கள் என்றால் கபானா பற்றி யோசிக்கலாம். பைக்காகத்தான் என்றால் லாக்கர் எடுங்கள்.

பீஸ் ரேட் கணக்கு: கபானாவுக்கும் போடலாம்

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட்டுக்கு விலை சொல்வதற்கு முன் துணி, கட்டிங், தையல், டிரிம்ஸ் என்று பைசா கணக்குப் போடுவார்கள். டெய்லருக்கு பீஸ் ரேட். எத்தனை பீஸ் ஓடியதோ அதற்குத்தான் கூலி. மிஷின் சும்மா நின்றால் நஷ்டம்.

கபானாவும் ஒரு மிஷின் மாதிரிதான். நாள் முழுக்க உங்கள் பெயரில் இருக்கிறது என்பது கணக்கில்லை. அதில் எத்தனை பேர், எத்தனை மணி நேரம் உண்மையில் உட்கார்ந்தார்கள் என்பதுதான் கணக்கு. ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அதை ஒரு பீஸ் என்று வையுங்கள். மொத்த வாடகையை மொத்த பீஸால் வகுத்தால் உங்கள் ரேட் தெரிந்துவிடும்.

கீழே உள்ள வாடகை உதாரணத்துக்கு மட்டும். பார்க்குக்கு பார்க், நாளுக்கு நாள் விலை மாறும். உங்களுக்குச் சொன்ன விலையைப் போட்டுப் பாருங்கள்.

கணக்கு 1: அப்பா, அம்மா, 8 வயதிலும் 12 வயதிலும் இரண்டு பிள்ளைகள். வாடகை 3,000 ரூபாய். நாலு பேரும் ரைடு பிரியர்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், நடுவில் ஓய்வுக்கு அரை மணி நேரம். நாலு பேர், ஆளுக்கு ஒன்றரை மணி நேரம். மொத்தம் 6 பீஸ். ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார 500 ரூபாய். சாப்பாட்டை பார்க் ரெஸ்டாரண்டில்தான் சாப்பிடுவார்கள் என்றால் இந்த 6-ம் குறைந்துவிடும். இது நஷ்டக் கணக்கு.

கணக்கு 2: ஒன்பது பேர் கொண்ட கூட்டுக் குடும்பம். தாத்தா, பாட்டி தலைக்கு 5 மணி நேரம் நிழலில் இருப்பார்கள். அது 10. எட்டு மாதக் குழந்தையும் அதன் அம்மாவும் தலைக்கு 4 மணி நேரம். அது 8. மீதி ஐந்து பேர் ஆளுக்கு ஒன்றரை மணி நேரம். அது 7.5. மொத்தம் 25.5 பீஸ். அதே 3,000 ரூபாயில் ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார ஆவது சுமார் 118 ரூபாய். இதில் லாக்கர் பெட்டியும் சேர்த்தி என்றால் இன்னும் குறையும். தாராளமாக எடுக்கலாம்.

கணக்கு 3: இருபது வயதுப் பசங்க ஆறு பேர். ஒரே கம்பெனியில் வேலை. 3,000 ரூபாயைப் பிரித்தால் ஆளுக்கு 500. 'அஞ்சு நூறுதானே' என்று தோன்றும். ஆனால் இவர்கள் யாரும் உட்காரப் போவதில்லை. அந்த 500-ஐ சாப்பாட்டுக்கோ, கூட்ட நாளில் ஃபாஸ்ட்ராக் மாதிரி டிக்கெட்டுக்கோ போட்டால் நாள் நன்றாக இருக்கும்.

ஒரு டிப்ஸ். வகுத்து வந்த ரேட்டை உங்கள் ஒரு ஷிப்ட் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 'இந்த மூணு மணி நேர நிழலுக்கு எத்தனை நாள் மிஷின்ல உக்காரணும்?' என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் முடிவு தானாக வந்துவிடும்.

'வார நாளில் போங்க' என்ற யோசனை நமக்குப் பொருந்துமா?

வாட்டர் பார்க் பற்றிய எல்லா ஆலோசனைகளிலும் இது வரும்: செவ்வாய், புதன் மாதிரி வார நாளில் போனால் கூட்டம் குறைவு, நிழல் சும்மாவே கிடைக்கும், கபானா தேவையில்லை. மாதச் சம்பளக்காரர்களுக்கு இது சரி. ஒரு லீவு எழுதிக் கொடுத்தால் போதும்.

பீஸ் ரேட்டில் வேலை பார்ப்பவருக்கு வார நாள் லீவு என்பது இலவசம் இல்லை. அன்றைய கூலி போகும். கணவன், மனைவி இரண்டு பேரும் கம்பெனிக்குப் போகிறவர்கள் என்றால் இரண்டு கூலி. அதோடு ஷிப்மெண்ட் நேரத்தில் லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகம் எப்படி மாறும் என்பதும் தெரியும். அதனால் வார நாள் டிக்கெட்டில் கிடைக்கும் தள்ளுபடியையும், கபானாவில் மிச்சமாகும் பணத்தையும் கூட்டி, இழக்கும் கூலியோடு ஒப்பிட வேண்டும். சில சமயம் ஞாயிற்றுக்கிழமை போய், காலையில் கேட் திறக்கும் நேரத்துக்கே உள்ளே நுழைந்து, நல்ல நிழலாகப் பார்த்து இடம் பிடிப்பது லாபமாக இருக்கும்.

எந்த மாதம் போகிறோம் என்பதும் கணக்கில் வரும். ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி லீவு, கொளுத்தும் வெயில், கூட்டம் மூன்றும் சேர்ந்து வரும். கபானாவுக்கு அப்போதுதான் மதிப்பு அதிகம், விலையும் அதிகம். ஜூன் கடைசி, ஆடி மாதம் வந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோவை, திருப்பூர் வட்டாரத்தைக் குளிர வைத்துவிடும். அப்போது தண்ணீரிலிருந்து ஏறினால் பிள்ளைகளுக்கு நிழலை விட வெயில்தான் வேண்டும். கபானாவுக்குச் செலவு பண்ண அவசியமே இல்லை.

பெண்களுக்கு: உடை மாற்ற, பால் கொடுக்க

கபானா கேட்கும் பெண்கள் பலரின் காரணம் வேறு. கூட்டமான டிரெஸ்ஸிங் ரூமில் வரிசையில் நிற்காமல் உடை மாற்றலாம், குழந்தைக்கு நிம்மதியாகப் பால் கொடுக்கலாம். இது நியாயமான தேவை. ஆனால் துணித் திரையை நம்பி உடை மாற்றுவது சரியான வழி இல்லை. காற்றில் திரை விலகும், இடைவெளி இருக்கும், சுற்றிலும் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. உடை மாற்றுவதற்கு கதவும் தாழ்ப்பாளும் உள்ள அறைதான் பாதுகாப்பு. அந்தரங்க நேரத்தில் பெண்ணை மறைந்து பார்ப்பதும், படம் எடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சந்தேகம் வந்தால் உடனே பார்க் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

பால் கொடுக்க திரை போட்ட கபானா வசதியாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு முன் ஒரு போன் பண்ணி 'பாலூட்டும் அறை இருக்கா?' என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் 2015-லேயே பஸ் ஸ்டாண்டுகளில் தாய்ப்பால் ஊட்டும் அறை வந்துவிட்டது. ஆயிரம் பேர் வரும் பார்க்கில் இந்த வசதியைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். அது இருந்தால், இந்த ஒரு காரணத்துக்காக கபானா எடுக்க வேண்டாம்.

நகை விஷயம் தனி. ரைடுகளில் செயின், வளையல், கொலுசு கழற்றச் சொல்வார்கள். கழற்றி கபானா மேசையில் வைத்துவிட்டுப் போவது பெரிய ரிஸ்க். நகையை வீட்டிலேயே விட்டு வருவதுதான் நல்லது. தாலிக்கொடியைக் கழற்ற விரும்பாதவர்கள் உடைக்கு உள்ளே விட்டு பின் குத்திக்கொண்டு, வேகமான சறுக்குகளைத் தவிர்த்து அலைக் குளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பனியன் ஊர்க்காரர்களுக்கு பனியனே தடை

திருப்பூர் உலகத்துக்கே காட்டன் பனியன், டி-ஷர்ட் தைத்து அனுப்பும் ஊர். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு பல வாட்டர் பார்க்குகளில் குளத்தில் இறங்க விடமாட்டார்கள். நைலான், பாலியஸ்டர் மாதிரி செயற்கை நூல் உடை மட்டும்தான் அனுமதி. காரணம் நம்ம ஊர்க்காரர்களுக்கு ஈஸியாகப் புரியும். காட்டன் தண்ணீரை உறிஞ்சி கனத்துவிடும். பஞ்சுத் துகள் பிரிந்து ஃபில்டரில் போய் அடைக்கும். சாயம் விடும். துப்பட்டா, சேலை என்றால் சறுக்கில் சிக்கும் ஆபத்தும் உண்டு.

கேட்டில் போய் ஆளுக்கு ஒரு காஸ்ட்யூம் வாடகைக்கு எடுப்பது மறைமுகச் செலவு. குடும்பமே எடுத்தால் கபானா வாடகையில் ஒரு பகுதி அதிலேயே போய்விடும். செயற்கை நூல் உடை இப்போது திருப்பூரிலேயே தைக்கிறார்கள். காதர்பேட்டையில் நைலான் லைக்ரா டீ-ஷர்ட், டைட்ஸ் தேடி வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்தடுத்த வருஷங்களுக்கும் ஆகும். முழுக்கை என்றால் வெயிலுக்கும் பாதுகாப்பு. ஆக, கபானாவா காஸ்ட்யூமா என்று ஒன்றுக்கு மட்டும் பட்ஜெட் இருந்தால், சொந்த காஸ்ட்யூமுக்குப் போடுங்கள்.

கபானா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளாது

இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். கபானாவில் சாய்ந்து உட்கார்ந்தால் குளம் கண்ணுக்குத் தெரியும். 'இங்கிருந்தே பசங்களைப் பார்த்துக்கலாம்' என்று தோன்றும். முடியாது. சின்னப் பிள்ளைகள் தண்ணீரில் மூழ்கும்போது பெரும்பாலும் சத்தமே வராது. கையை ஆட்டிக் கூப்பிடும் நேரமும் இருக்காது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அதில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தை. லைஃப்கார்டு இருந்தாலும், சின்னப் பிள்ளையுடன் ஒரு பெரியவர் தண்ணீருக்குள்ளேயே, கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கபானா எடுத்தால் முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் அப்பா குளத்தில், அடுத்த மணி நேரம் அம்மா. குளத்தில் இருப்பவர் கையில் போன் இருக்கக் கூடாது.

வெயில் விஷயத்திலும் கபானாவை முழுசாக நம்ப வேண்டாம். கூரை நேர் வெயிலைத்தான் தடுக்கும். தண்ணீரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் கதிர் உள்ளே வரும். காற்றோட்டம் இல்லாத துணிக் கூடாரம் மத்தியானத்தில் அனலாக இருக்கும். அதனால்தான் ஃபேன் இருக்கிறதா என்று கேட்கச் சொல்கிறோம். வயதானவர்களுக்கு தாகம் எடுக்காவிட்டாலும் அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸோ, ஓஆர்எஸ் கரைசலோ நல்லது. உப்பு, சர்க்கரைக் கட்டுப்பாடு உள்ளவர்கள் டாக்டர் சொன்னபடி குடிக்க வேண்டும்.

இன்னொன்று, சித்திரை, வைகாசியில் சாயங்காலம் திடீரென இடியோடு கோடை மழை வரும். திறந்த கபானா இடி, மின்னலுக்குப் பாதுகாப்பான இடம் இல்லை. கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

பில்லில் ஏறும் மறைமுகச் செலவு

வாட்டர் பார்க் டிக்கெட்டுக்கு 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது 28% வரி. 2018 ஜனவரி 25 முதல் அது 18% ஆனது. கபானா வாடகை கேட்கும்போது வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். 3,000 ரூபாய்க்கு மேல் 18% என்றால் கட்ட வேண்டியது 3,540 ரூபாய்.

அடுத்து சாப்பாடு. வொண்டர்லா உள்பட பெரிய பார்க்குகள் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவதில்லை. சில இடங்களில் கபானாவுக்கே வந்து ஆர்டர் எடுப்பார்கள். உட்கார்ந்த இடத்திலேயே கிடைக்கிறதே என்று அடிக்கடி ஆர்டர் பண்ணத் தோன்றும். குறைந்தபட்ச பில் தொகை நிபந்தனை இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். குழந்தை உணவுக்கும் மருந்துக்கும் அனுமதி உண்டா என்பதையும் கேட்டு வையுங்கள்.

கடையில் வாங்கும் பாக்கெட் பொருளுக்கு எம்ஆர்பி-க்கு மேல் வாங்கக் கூடாது. உட்கார வைத்துப் பரிமாறும் ஹோட்டல், ரெஸ்டாரண்டுகள் தண்ணீர் பாட்டிலை எம்ஆர்பி-க்கு மேல் விற்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் கபானாவில் ஆர்டர் பண்ணும் முன் மெனு விலையைப் பாருங்கள். ரெஸ்டாரண்ட் பில்லில் சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்பது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் போட்ட விதி. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சொன்ன வசதி இல்லை, பணம் திரும்பத் தரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். அதற்கு ரசீது வேண்டும். விளம்பரத்தில் சொன்ன வசதிகளின் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வையுங்கள்.

புக் பண்ணும் முன் கேட்க வேண்டிய 8 கேள்விகள்

1. வாடகையில் நுழைவு டிக்கெட் சேர்த்தியா?

2. அதிகபட்சம் எத்தனை பேர்? கூடுதல் ஆளுக்கு எவ்வளவு? கைக்குழந்தையும் கணக்கில் வருமா?

3. பூட்டு அல்லது லாக்கர் பெட்டி உள்ளே இருக்கா?

4. நாலு பக்கமும் திரை இருக்கா? ஃபேன் இருக்கா?

5. எந்தக் குளத்துக்குப் பக்கத்தில்? குழந்தைகள் குளத்திலிருந்தும் டாய்லெட்டிலிருந்தும் எவ்வளவு தூரம்?

6. எத்தனை மணிக்குக் கொடுப்பார்கள், எத்தனை மணிக்குக் காலி பண்ண வேண்டும்?

7. ஜிஎஸ்டி, டெபாசிட், குறைந்தபட்ச சாப்பாட்டு பில் எவ்வளவு?

8. மழை வந்தாலோ, நாங்கள் கேன்சல் பண்ணினாலோ பணம் திரும்புமா?

தாத்தா, பாட்டியைக் கூட்டிப் போனால் இன்னொரு கேள்வி: தண்ணீரில் இறங்காதவர்களுக்கு டிக்கெட்டில் சலுகை உண்டா? பல இடங்களில் உள்ளே வந்தாலே டிக்கெட்தான். பிள்ளைகளுக்கு வயதை விட உயரம் பார்த்து டிக்கெட் போடும் பார்க்குகள் உண்டு. வொண்டர்லாவில் 85 செ.மீ.க்குக் கீழே இருந்தால் டிக்கெட் இல்லை. வீட்டிலேயே அளந்து பார்த்துவிட்டுப் போனால் கவுன்டரில் தகராறு வராது.

கம்பெனி டூர் போனால்?

ஆயுத பூஜை, மே தினம், தீபாவளி லீவை ஒட்டி தொழிலாளர்களை பஸ் வைத்து பார்க்குக்குக் கூட்டிப் போகும் கம்பெனிகள் திருப்பூரில் உண்டு. நாற்பது, ஐம்பது பேர் போகும்போது கபானா வேறு மாதிரி உதவும். ஆளுக்கு ஒரு லாக்கர் எடுப்பதற்குப் பதில், பூட்டுள்ள ஒரு கபானாவை பை வைக்கவும், மயக்கம், தலைவலி என்று வருபவர் படுக்கவும் வைத்துக்கொள்ளலாம். 45 பேருக்கு 4,500 ரூபாய் என்றால் ஆளுக்கு 100 ரூபாய்தான்.

ஆனால் 'எட்டுப் பேருக்கு மேல் அனுமதி இல்லை' என்று ரூல் இருக்கலாம். குரூப் புக்கிங் பேசும்போதே கேட்டு, பொது ஹால் தருவார்களா என்றும் பாருங்கள். முக்கியமாக, பை பார்க்கும் வேலையை ஹெல்பர்கள் தலையிலோ, தமிழ் சரியாகத் தெரியாத வெளிமாநிலப் பசங்க தலையிலோ நாள் முழுக்கக் கட்டிவிடக் கூடாது. டூர் அவர்களுக்கும்தான்.

கபானா காசு இல்லாமல் வேறு வழி?

தாத்தா, பாட்டியோடு போகும் குடும்பங்கள் இடத்தையே மாற்றி யோசிக்கலாம். கோபிசெட்டிபாளையம் பக்கம் பவானி ஆற்றில் கொடிவேரி அணை இருக்கிறது. உடுமலைப் பக்கம் திருமூர்த்தி மலையில் பஞ்சலிங்க அருவி, அடிவாரத்தில் அமணலிங்கேஸ்வரர் கோயில். பெரியவர்களுக்கு கோயில், பிள்ளைகளுக்குத் தண்ணீர், வீட்டிலிருந்து கட்டிப்போன கட்டுச்சோறு என்று ஒரே நாளில் எல்லாம் முடியும். ஆனால் இவை இயற்கை நீர்நிலைகள். மலையில் மழை பெய்தாலோ, அணையில் தண்ணீர் திறந்தாலோ குளிக்கத் தடை போடுவார்கள். அந்தத் தடையை மீறவே கூடாது.

பார்க்கே வேண்டும் என்றால், அங்கே ரிசார்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பிளாக் தண்டரில் தங்கும் அறைகள் உண்டு. இரண்டு குடும்பம் சேர்ந்து ஓர் அறையைப் பகிர்ந்தால், அறை மாதிரியான கபானா கொடுக்கும் கதவு, பூட்டு, பாத்ரூம் எல்லாம் அதே பணத்துக்குக் கிடைக்கலாம். இரண்டு விலையையும் கேட்டு ஒப்பிடுங்கள்.

அப்போ முடிவு என்ன?

கபானா வேஸ்ட்டும் இல்லை, கட்டாயமும் இல்லை. நாள் முழுக்க உட்கார வேண்டியவர்கள் கூட வந்தால், அவர்களுக்காக எடுங்கள். அது அவர்களுக்கு நாம் தரும் மரியாதை. எல்லோரும் நனையப் போகிறவர்கள் என்றால் லாக்கர், சொந்த காஸ்ட்யூம், சீக்கிரம் போவது ஆகிய மூன்றும் போதும்.

எதை எடுத்தாலும், கிளம்பும் முன் இதை மட்டும் பேசி முடிவு பண்ணிவிடுங்கள்: நாளைக்கு பையைப் பார்த்துக்கொள்ளப் போவது யார்? 'யாரும் இல்லை, பூட்டிட்டுப் போறோம்' என்று பதில் வந்தால் அம்மா டிக்கெட்டும் வீணாகாது.